காவடிக்கு டூரிஸ்டுகளை அழைக்கும் முன்: மொரீசியஸ் கோவில் குழுக்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

"நம் கோவில் காவடிக்கும் டூரிஸ்ட் வரட்டுமே" என்று முடிவெடுத்துவிட்ட குழுக்களுக்காகவும், முடிவெடுக்காமலே வாசலில் பஸ் வந்து நிற்க ஆரம்பித்துவிட்ட குழுக்களுக்காகவும் இதை எழுதுகிறேன். எங்கள் கோவிலில் ஆறு வருடம் இந்தப் பொறுப்பைப் பார்த்திருக்கிறேன், பக்கத்து ஊர்களில் புதிதாகத் தொடங்கியவர்கள் எங்கே தடுக்கி விழுகிறார்கள் என்றும் பார்த்திருக்கிறேன். அநேகமாக எல்லோரும் விழுவது ஒரே இடத்தில்தான். முதலில் டூர் கம்பெனியோடு பேசுகிறார்கள், அப்புறம் இடம் ஒதுக்குகிறார்கள், கடைசியில் காவடி எடுப்பவரைக் கூப்பிட்டு "இப்படி ஏற்பாடு பண்ணியிருக்கோம்" என்று சொல்கிறார்கள். இதை அப்படியே தலைகீழாகச் செய்ய வேண்டும். கீழே உள்ள படிகளில் ஒன்றைச் சுருக்கமாக முடித்தால்கூடச் சமாளித்துவிடலாம். முன்பின்னாகச் செய்தால் சமாளிக்க முடியாது.

## முதலில் கையில் இருக்க வேண்டியவை

ஒரு தடிமனான நோட்டு. ஊர்வலப் பாதையின் வரைபடம்: கையால் வரைந்தது போதும், ஆனால் ஆற்றங்கரையிலிருந்து கோவில் வாசல்வரை நீங்களே நடந்து பார்த்து வரைந்ததாக இருக்கட்டும். சென்ற வருடம் காவடி எடுத்தவர்கள், பால்செம்பு சுமந்தவர்கள் பெயர்ப் பட்டியல். இவற்றோடு, முகம் கோணாமல் "இல்லை" சொல்லத் தெரிந்த ஓர் ஆள். இந்தக் கடைசி விஷயத்தைப் பலர் லேசாக எடுத்துக்கொள்கிறார்கள். திருவிழாவுக்கு முந்தின நாள் மாலை ஹோட்டலிலிருந்து போன் வந்து "இன்னும் இருபது பேர் மட்டும்" என்று கேட்கும்போது அந்த ஆள் இல்லையென்றால் ஆறு மாத வேலை ஒரு நிமிடத்தில் போய்விடும்.

வேலையை ஆகஸ்டிலேயே தொடங்குங்கள். தைப்பூசம் 2024-இல் ஜனவரி 25, 2025-இல் பிப்ரவரி 11. தேதி இப்படி நகர்வது நமக்குப் பழக்கம், டூர் நடத்துபவர்களுக்குப் பழக்கமில்லை. சென்ற வருடத் தேதியையே வைத்து விளம்பரம் அடித்துவிட்டு, "அடுத்த வாரம் இதையே சின்னதாகச் செய்து காட்ட முடியுமா?" என்று கேட்டவர்கள் உண்டு. முன்கூட்டியே தேதியைக் கொடுத்துவிட்டால் அந்தப் பேச்சே எழாது.

இந்தத் தீவுக்கு 2019-இல் வந்த பயணிகள் சுமார் 13 லட்சத்து 80 ஆயிரம் பேர். நாட்டின் மக்கள்தொகையே 13 லட்சத்தைத் தொடவில்லை. அதில் ஒரு துளி நம் தெருவுக்குத் திரும்பினாலும் தெரு தாங்காது என்பதை மனதில் வைத்துக்கொண்டு தொடங்குங்கள்.

## 1. விரதம் இருப்பவர்களிடம் முதலில் கேளுங்கள்

முதல் கூட்டத்துக்குத் தலைவர், செயலாளர் மட்டும் வந்தால் அது கூட்டமே இல்லை. காவடி எடுப்பவர்கள், அலகு குத்திவிடுபவர், குருக்கள், அன்னதானச் சமையலில் நிற்கும் பெண்கள், காவடிக்குப் பூவும் ஓலையும் கட்டுபவர்கள், ஊர்வலம் போகும் தெருவில் குடியிருப்பவர்கள் எல்லோரும் வர வேண்டும். தமிழர் அல்லாத அக்கம்பக்கத்தாரையும் கூப்பிடுங்கள், வாசலில் பஸ் நின்றால் அவதிப்படப் போவது அவர்களும்தான்.

கேட்கும் கேள்வியில் கவனம் தேவை. "டூரிஸ்ட் வரலாமா?" என்று கேட்டால் எல்லோரும் "வரட்டுமே" என்பார்கள், நம் ஜனங்களுக்கு வீடு தேடி வருபவரைத் தடுக்க வாய் வராது. "எந்த நேரத்தில் உங்களைச் சுற்றி நம்மவர்கள் மட்டும் இருக்க வேண்டும்?" என்று கேட்டுப் பாருங்கள். எங்கள் கூட்டத்தில் அதுவரை ஒரு வார்த்தை பேசாமல் இருந்த ஓர் அத்தை இந்தக் கேள்விக்குத்தான் வாயைத் திறந்தார். போன வருடம் விடியற்காலையில் ஆற்றில் மூழ்கி எழுந்து, ஈரச் சேலையோடு கரையேறிய நேரத்தில், மூங்கில் புதருக்குப் பின்னாலிருந்து ஒரு பெரிய லென்ஸ் தன்னைப் பார்த்துக்கொண்டிருந்ததாம். பத்து நாள் கரேம், அதாவது விரதம், இருந்து, மனதைக் கட்டி நிறுத்திக் கொண்டுவந்தது அந்த ஒரு நொடியில் சிதறிப்போனது என்றார். ஒரு வருடமாக யாரிடமும் சொல்லவில்லை, யாரும் கேட்கவில்லை என்பதால்.

சம்மதம் கேட்பது மரியாதைக்காக மட்டும் இல்லை. ஒரு மரபு யாருடையதோ, அவர்கள் முன்கூட்டியே, விவரம் தெரிந்து, வற்புறுத்தலின்றிச் சம்மதிக்க வேண்டும் என்பதை மரபுக் காப்புக்கான நெறிமுறைகளில் 2015-இல் யுனெஸ்கோவே வைத்திருக்கிறது. ஹோட்டல்காரர்களிடம் பேசும்போது இது கைகொடுக்கும்.

வழக்கமான தவறு: பெரும்பான்மைக் கை தூக்கல். இருபது பேரில் பதினெட்டுப் பேர் சரி என்றாலும், மீதி இரண்டு பேர் அலகு குத்திக்கொள்பவர்கள் என்றால் அவர்கள் சொல்வதே முடிவு.

## 2. பாதையை மூன்றாகப் பிரியுங்கள், நேரத்தோடு சேர்த்து

வரைபடத்தில் மூன்று நிறம் போடுங்கள். சிவப்பு என்றால் விருந்தினர் வரவே கூடாது. மஞ்சள் என்றால் நின்று பார்க்கலாம், படம் எடுக்கக் கூடாது. பச்சை என்றால் பார்க்கலாம், கேட்டுவிட்டுப் படமும் எடுக்கலாம்.

எங்களுக்குச் சிவப்பாக வந்தவை: குளிக்கும் இடம், உடை மாற்றும் இடம், அலகு குத்தும் இடம், கருவறை முன் மண்டபம், பாலபிஷேகம். மஞ்சள்: ஊர்வலத்தில் சாமி வந்தவர்களைச் சுற்றி, குழந்தைகள் செம்பு சுமந்து வரும் பகுதி, அலகு கழற்றும் நேரம். மீதித் தெரு பச்சை.

இடத்தை மட்டும் குறித்தால் போதாது. ஆற்றங்கரை காலை ஐந்து மணிக்குச் சிவப்பு, காவடிகள் கிளம்பிப் போனபின் பத்து மணிக்கு வெறும் ஆற்றங்கரை. நேரத்தை எழுதாவிட்டால் நாள் முழுக்க ஆளைக் காவல் போட வேண்டியிருக்கும், நம்மிடம் அத்தனை ஆள் இல்லை.

## 3. எத்தனை பேர் என்பதைக் கணக்குப் போட்டுச் சொல்லுங்கள்

"ஒரு ஐம்பது பேர் வரலாம்" என்று குத்துமதிப்பாகச் சொன்னால் ஐம்பது எழுபதாகும். எண்ணுக்குப் பின்னால் கணக்கு இருந்தால் யாரும் பேரம் பேச மாட்டார்கள்.

மூன்று கணக்குப் போடுங்கள். ஒன்று, நிற்கும் இடம். எங்கள் தெருவில் நிழலுள்ள நடைபாதை 20 மீட்டர். ஒரே வரிசை, ஆளுக்கு அரை மீட்டர், ஆக 40 பேர். இரண்டாம் வரிசை கூடாது, ஏனென்றால் பின்னால் நிற்பவர் படம் எடுக்க முன்னே வருவார், அவர் வந்து நிற்கும் இடம் காவடி திரும்ப வேண்டிய இடம். இரண்டு, கழிப்பறை. நாங்கள் வைத்த கூடுதல் கழிப்பறைகள் 50 பேருக்குப் போதும். மூன்று, கூட நடக்கும் நம் பிள்ளைகள். ஒருவர் 12 பேரைத்தான் கவனிக்க முடியும், மூன்று பேர் கிடைத்தார்கள், ஆக 36.

மூன்றில் சிறிய எண்ணே உங்கள் எண். எங்களுடையது 36. அடுத்த வருடம் ஒரு பிள்ளை படிக்க வெளிநாடு போய்விட்டால் 24, அவ்வளவுதான்.

## 4. பணத்தைப் பற்றி இப்போதே பேசி முடியுங்கள்

இந்த இடத்தில்தான் நல்ல குழுக்களும் உடைகின்றன, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

நேர்த்திக்கடனைப் பார்ப்பதற்குக் கட்டணம் வைக்காதீர்கள். சீட்டு கொடுத்த நொடியில் வாங்கியவருக்கு ஓர் உரிமை வந்துவிடுகிறது. பணம் கொடுத்தவர் முன்னால் நிற்கப் பார்ப்பார், காவடி தாமதமானால் கோபப்படுவார். காவடி எடுப்பவர் வேலைக்காரர் ஆகிவிடுவார். கட்டணம் எதற்கு வாங்கலாம் என்றால், கூட நடந்து விளக்கும் பிள்ளையின் நேரத்துக்கும், வண்டி நிறுத்தும் இடத்துக்கும். நாம் விற்பது அதை மட்டும்தான் என்று எழுதியே வையுங்கள்.

அன்னதானத்தை விற்கவே கூடாது. வாழையிலையில் ஏழு கறியோடு பரிமாறும் சாப்பாட்டை, ஊரில் எல்லோரும் செத் காரி என்று சொல்வதை, ஹோட்டல்காரர்களுக்கும் தெரியும். "எங்கள் விருந்தினருக்குத் தனி மேசை, தலைக்கு இவ்வளவு ரூபாய்" என்று கேட்பார்கள். தொகை நன்றாகவே இருக்கும். ஆனால் விரதம் முடித்து, காலில் கொப்புளத்தோடு ஒருவர் வரிசையில் நிற்கும்போது காசு கொடுத்தவர் மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டால் அது தானமில்லை, கடை. விருந்தினரும் அதே பந்தியில், அதே இலையில், காசில்லாமல் உட்காரட்டும். ஏழு கறியைக் காசாக்க வேண்டுமென்றால் திருவிழா கழிந்து வேறொரு மாதத்தில் சமையல் வகுப்பு நடத்துங்கள், அதற்கு நல்ல விலையே வையுங்கள், காசைச் சமைத்துக் காட்டும் பெண்கள் கையில் கொடுங்கள்.

வந்த பணம் எங்கே போகும் என்பதையும் இப்போதே எழுதுங்கள். தனிக் கணக்கு, இரண்டு கையெழுத்து. எங்கள் முதல் வருடப் பணம் மண்டபத்துக்கு டைல்ஸ் போடப் போய்விட்டது, அந்த வருடம் நாகஸ்வரம் வாசிக்கப் பழகிக்கொண்டிருந்த பையனுக்கு ஆசிரியர் இல்லாமல் பாதியில் நின்றது. டைல்ஸ் யாரும் எப்போதும் போடலாம். நின்றுபோன பாடத்தை மறுபடி தொடங்குவது எவ்வளவு கஷ்டம் என்று இன்றுவரை பார்த்துக்கொண்டிருக்கிறோம். இப்போது வருவதில் பாதி மாலைத் தமிழ் வகுப்புக்கு, கால் பங்கு வாத்தியம் கற்பிக்க, மீதி காவடி கட்டும் பட்டறைக்கு.

திருவிழாச் செலவில் எதையும் இந்தப் பணத்தை நம்பி வைக்காதீர்கள். கொரோனாவுக்காக 2020 மார்ச்சில் மூடிய நாட்டின் எல்லை முழுமையாகத் திறந்தது 2021 அக்டோபர் 1-ஆம் தேதி. அப்படி ஒரு காலம் மறுபடி வந்தாலும் கொடியேற்றமும் காவடியும் ஊர்க் காசிலேயே நடக்க வேண்டும்.

## 5. இப்போதுதான் டூர் கம்பெனியோடு பேச வேண்டும்

மேலே உள்ள நான்கும் காகிதத்தில் வந்தபிறகு போய்ப் பேசுங்கள். அவர்களுக்கு டூரிசம் அதாரிட்டியின் லைசென்ஸ் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஒப்பந்தம் ஒரே பக்கம் போதும், ஆனால் இவை இருக்க வேண்டும்: ஆள் எண்ணிக்கை, வரும் நேரம், போகும் நேரம், பஸ் நிற்கும் இடம், மீறினால் அடுத்த வருடம் இல்லை என்ற ஒரு வரி. பஸ் நிறுத்தும் இடத்தைக் காவல் நிலையத்திலும் நகராட்சியிலும் பேசிவிட்டு எழுதுங்கள்.

விளம்பர வாசகத்தை அச்சுக்குப் போகும் முன் நீங்கள் படிக்க வேண்டும் என்பதையும் சேருங்கள். எங்களை "உடம்பில் ஊசி குத்தும் வினோத விழா" என்று ஒரு நிறுவனம் போட்டிருந்தது. அதைப் படித்துவிட்டு வருபவர் ஊசியைத் தேடித்தான் வருவார், அவரிடம் அன்று காலையில் நீங்கள் எதைச் சொன்னாலும் ஏறாது. யாருடைய முகமும், முக்கியமாகக் குழந்தைகளின் முகம், கேட்காமல் விளம்பரத்தில் வரக் கூடாது.

"ஹோட்டலுக்கு வந்து காவடி ஆடிக் காட்டுங்கள்" என்று கேட்டால் மறுத்துவிடுங்கள், ஆனால் வெறுங்கையோடு மறுக்காதீர்கள். கலை வேறு, நேர்த்திக்கடன் வேறு. கோலம், தவில், பரதம், பூக்கட்டு இவை எந்த மேடையிலும் மதிப்போடு நிற்கும், அவற்றைக் கொடுங்கள். நம் கண் முன்னாலேயே இந்தத் தீவின் பாரம்பரியப் பாட்டும் ஆட்டமுமான செகாவுக்கு நடந்ததைப் பாருங்கள். ராவான், மராவான், முக்கோணம் என்ற வாத்தியங்களை வைத்துத் தீயைச் சுற்றிப் பாடிய செகா ஹோட்டல் மேடைக்குப் போனபோது ஒலிபெருக்கியும் பூப்போட்ட பாவாடையுமாக வேறொன்றாகி, கடைசியில் பழையதைச் "செகா டிப்பிக்" என்று தனிப் பெயர் சொல்லிப் பிரித்துக் காட்ட வேண்டியதாயிற்று. 2014-இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது அந்தப் பழைய செகாதான். செகாவாவது பாட்டும் ஆட்டமும். விரதமில்லாமல், நேர்ந்துகொள்ளாமல் தூக்கும் காவடியில் என்ன மிஞ்சும்?

## 6. பேசுவது நம் பிள்ளைகளாக இருக்கட்டும்

வெளியாள் வழிகாட்டியை வைத்தால் கதை கைமாறிவிடும். பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகள் மூன்று பேரைத் தயார் செய்யுங்கள். பிரெஞ்சும் ஆங்கிலமும் அவர்களுக்குப் பள்ளியிலேயே வந்துவிடும். வராதது தமிழ்தான். வீட்டில் இந்தத் தீவின் பேச்சுமொழியான கிரியோல் பேசி வளர்ந்த பிள்ளை அலகு, காப்பு, செம்பு, நேர்த்தி என்ற சொற்களை எங்கே கேட்டிருக்கும்?

அதனால் ஒரு விதி வைத்தோம். இந்தச் சொற்களை மொழிபெயர்க்கக் கூடாது, தமிழிலேயே சொல்லிவிட்டுப் பிறகு விளக்க வேண்டும். அதற்காக ஒவ்வொரு பிள்ளையும் ஒரு பெரியவரிடம் போய் உட்கார்ந்து கேட்டுவர வேண்டும். ஒரு பெண் தன் தாத்தாவிடம் செம்பைப் பற்றிக் கேட்கப் போனாள். அவர் எழுந்துபோய்ப் பழைய பித்தளைச் செம்பை எடுத்துவந்து, வாயை வெள்ளைத் துணியால் மூடி எப்படி நூல் சுற்றுவது, வெயிலில் இத்தனை தூரம் சுமந்தும் பால் திரியாமல் இருந்தால் விரதம் சுத்தம் என்று ஏன் சொல்கிறோம் என்று ஒரு மணி நேரம் சொல்லியிருக்கிறார். அடுத்த வருடம் அவள் தானே செம்பு சுமந்தாள். டூரிஸ்ட் வருவதால் நமக்கு என்ன லாபம் என்று என்னிடம் கேட்பவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

எப்போதும் வரும் கேள்விகளுக்குப் பதிலைப் பழக்கிவையுங்கள். "வலிக்காதா?" என்று கேட்பார்கள். வலிக்கும், பத்து நாள் சைவ உணவும் பிரார்த்தனையும் அதற்குத் தயார் செய்கின்றன என்று நேராகச் சொன்னால் போதும். மாயம் என்றோ அறிவியல் என்றோ சுற்றி வளைக்க வேண்டாம். தெரியாததற்கு "பெரியவரிடம் கேட்டுச் சொல்கிறேன்" என்பதே சரியான பதில்.

## 7. அன்றைய காலை

விருந்தினர் வந்து இறங்கியதும் பத்து நிமிடம் நிழலில் உட்காரவைத்துப் பேசுங்கள். பஸ்ஸிலேயே சொல்லிவிட்டோம் என்று டிரைவர் சொல்வார், நம்பாதீர்கள். தோள், முழங்கால் மூடிய உடை. செருப்பு கழற்றும் இடம். யாரையும் தொடக் கூடாது. கையில் கொஞ்சம் கூடுதல் துணி வைத்திருந்தால் அரைக்கால் சட்டையோடு வந்தவரைத் திருப்பி அனுப்ப வேண்டியதில்லை.

எல்லாவற்றையும்விட முக்கியமானது, காவடிக்கு முன்னால் யாரும் நிற்கக் கூடாது. பக்கவாட்டில்தான் நிற்க வேண்டும். இதற்கு நாங்கள் சொல்லும் காரணத்தை அப்படியே சொல்லுங்கள், கேட்டவுடன் புரிந்துகொள்கிறார்கள். தை மாதம் இங்கே கோடை. பதினொரு மணிக்குத் தார் கொதிக்கும், நம் பிள்ளைகள் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே போவார்கள், ஊற்றிய ஈரம் ஒரு நிமிடத்தில் காயும். ஒருவர் முன்னால் நின்று நல்ல படத்துக்காக ஒரு காவடியை நிறுத்தினால் அதன் பின்னால் வரும் நாற்பது பேரும் வெறுங்காலோடு அந்தத் தாரில் நிற்கிறார்கள். விதியாகச் சொன்னபோது கேட்காதவர்கள்கூட இதைச் சொன்னதும் கேமராவைக் கீழே இறக்கியதைப் பார்த்திருக்கிறேன்.

ட்ரோன் வேண்டவே வேண்டாம். மேலே சத்தம் கேட்டதும் எல்லோரும் அண்ணாந்து பார்ப்பார்கள், தோளில் பாரத்தோடு இருப்பவரும் பார்ப்பார். ஜப்பானில் கியோட்டோ நகரின் கியோன் பகுதியில், கெய்ஷா என்னும் பாரம்பரிய ஆடல்பாடல் கலைப் பெண்களைப் படமெடுக்கத் துரத்திய கூட்டத்தால் 2024-இல் தனியார் சந்துகளையே மூடி, நுழைந்தால் 10,000 யென் அபராதம் என்று பலகை வைத்தார்கள். அந்த நிலை வரும்வரை காத்திருக்காமல் முதல் வருடத்திலேயே விதியை வைத்துவிடுவது எல்லோருக்கும் நல்லது.

இது சூறாவளிக் காலம் என்பதையும் மறக்காதீர்கள். எச்சரிக்கை நான்கு நிலைகளில் வரும். முதல் நிலை அறிவித்தவுடனேயே விருந்தினர் வருகையை நிறுத்திவிடுங்கள், மூன்றாம் நிலைவரை இழுக்க வேண்டாம். நம்மவர்களைப் பத்திரமாக வீடு சேர்ப்பதற்கே அன்று எல்லாக் கைகளும் வேண்டும்.

## 8. எதை மாற்றக் கூடாது

இது தனிப் படி இல்லை, எல்லாப் படிக்கும் நடுவில் வந்து நிற்கும் சோதனை. பஸ் பத்து மணிக்குத்தான் வரும் என்பதற்காகக் கிளம்பும் நேரத்தைத் தள்ளாதீர்கள். ஆற்றங்கரைப் பூஜையைச் சுருக்காதீர்கள். படத்தில் நன்றாக வரும் என்று ஓலைக்குப் பதில் பிளாஸ்டிக் பூ வைக்காதீர்கள். ஒவ்வொன்றும் தனியாகப் பார்த்தால் சின்ன விஷயம், கேட்பவரும் நல்ல எண்ணத்தோடுதான் கேட்பார். ஆனால் நேரம் ஒருமுறை பஸ்ஸுக்காக நகர்ந்தால் அடுத்த தலைமுறைக்கு அதுவே சரியான நேரம் ஆகிவிடும், ஏன் என்று கேட்க யாரும் இருக்க மாட்டார்கள்.

## 9. ஒரு வாரத்துக்குள் திரும்ப உட்காருங்கள்

முதல் கூட்டத்துக்கு வந்த அதே ஆட்கள், அதே வரிசையில். கணக்கைப் படிப்பதற்கு முன் அவர்களைக் கேளுங்கள். தொகையை முதலில் சொல்லிவிட்டால் குறை சொல்ல யாருக்கும் வாய் வராது.

நோட்டில் நாங்கள் குறிப்பவை: போன வருடம் எடுத்தவர்களில் இந்த வருடம் வராதவர் யார், ஏன். கூட்டத்தைத் தவிர்க்க வேறு கோவிலுக்குப் போனவர் உண்டா. மாலை வகுப்பில் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் எத்தனை. சிவப்புப் பகுதிக்குள் யாராவது வந்தார்களா, வந்தது எந்த வழியாக. வராதவர் வீட்டுக்கு ஓர் ஆள் நேரில் போக வேண்டும், போனில் கேட்டால் "உடம்பு சரியில்லை" என்பார்கள்.

ஆற்றங்கரையில் லென்ஸ் பார்த்ததாகச் சொன்ன அத்தை, புது ஏற்பாடு வந்த முதல் வருடம் செம்பு எடுக்கவில்லை. தெருவோரம் நின்று பார்த்துவிட்டு மட்டும் போனார். இரண்டாம் வருடம் எடுத்தார். அந்த வருடக் கூட்டத்தில் அவர் சொன்னது ஒரே ஒரு குறை: மூங்கில் புதர்ப் பக்கம் கயிறு கட்டினோம், ஆனால் பாலத்தின் மேலிருந்து ஆறு தெரிகிறது. நோட்டில் எழுதிக்கொண்டோம், ஆகஸ்டில் தொடங்கும்போது முதலில் பாலத்துக்குத்தான் போக வேண்டும்.